வெறுங்குடுவையில் ஒரு சொட்டு

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் பேனாவைப் பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்குத்தான். சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், நடுவில் மறந்துபோவேன். எண்களைச் சுத்தமாக மறந்துவிட்டேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் அதுவும் எனக்கு வராது. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எழுந்து பின்பக்கம் போய்விடுகிற சுபாவம். அந்தச் சுபாவத்தால்தான் இதை எழுத வேண்டியதாகவும் ஆயிற்று.

என் ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவள் காய்ச்சிய சுறா எண்ணெயில் கலப்படம் இருக்கிறது என்று ஒரு கண்ணாடிக் குடுவை சொன்னது. ஊர் அந்தக் குடுவையை நம்பியது. அது ஏன் அப்படிச் சொன்னது என்று எனக்கு மட்டும் தெரியும். அல்லது, தெரியும் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் குப்பம் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் உள்ள மணல் திட்டில் இருந்தது. ஒரு காதில் அலை கேட்கும், மறு காதில் ஒன்றும் கேட்காது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கட்டுமரம், இரண்டு குடிசை, ஒரே முற்றம். அந்த நாளில் சுறா நிறைய விழும். சுறாவின் ஈரலை அண்டாவில் போட்டுக் காய்ச்சி எண்ணெய் எடுப்பது பெண்கள் வேலை. அந்த அண்டாக்களுக்கு என் ஓரகத்திதான் தலைவி. ஈரலை விரலால் அமுக்கிப் பார்த்தே எத்தனை நாள் ஆனது என்று சொல்லிவிடுவாள். தகர டின்களில் எண்ணெய் ஏரியைக் கடந்து பழவேற்காட்டுக்குப் போகும். அங்கே சோதித்துப் பார்த்து மருந்து செய்கிற இடத்துக்கு அனுப்புவார்கள்.

சோதிக்கிற இடம் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்துக் கிடங்கு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். பக்கத்திலேயே அவர்களுடைய கல்லறைத் தோட்டம். அதன் வாசல் கல்லில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அவற்றைத் தாண்டித்தான் நான் தினமும் வேலைக்குப் போவேன். குனிந்த தலை நிமிராமல் போகிறவள் நான். எலும்புக்கூடுகளின் காலை மட்டும்தான் முதல் ஆறு மாதம் பார்த்திருந்தேன்.

என் வேலை கண்ணாடிச் சாமான்கள் கழுவுவது. சோதனை செய்கிறவரை ஊரில் எல்லோரும் புட்டி சார் என்பார்கள். தெற்கே எங்கிருந்தோ வந்தவர். கல்யாணம் ஆகாதவர், மூக்கில் எப்போதும் கைக்குட்டை. சாமானை உடைக்காத, பேசாத ஆள் ஒருத்தி வேண்டும் என்று கேட்டாராம். என் ஓரகத்திதான் என்னை அனுப்பி வைத்தாள். "இவளுக்கு வாய் இருக்குதுன்றதே சோறு துன்றப்போதான் சார் தெரியும்" என்று சொல்லி என்னை அவர் முன்னால் நிறுத்தினாள். அவள் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கிடங்கின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. ஒல்லாந்தர் அதில் துப்பாக்கி மருந்து வைத்திருந்தார்கள் என்பார் சிலர், ஆட்களை அடைத்து வைத்தார்கள் என்பார் சிலர். சாருக்கு அந்த அறை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவருடைய சோதனைக்கு இருட்டு வேண்டும். எண்ணெயும் மருந்தும் கலந்த குடுவைகளை மூடி போட்டு ஒரு மணி நேரம் அந்த இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் படக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது.

மருந்தின் நிறம் கருஞ்சிவப்பு. மூடியைத் திறந்தால் மூக்கில் ஊசி குத்தும். அதில் அயோடின் என்கிற சத்து இருக்கிறது. அது கையில் பட்டால் தோல் பழுப்பாகிவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம், கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சோற்றுப் பானையைத் திறந்தேன். சோற்றைப் பிசைந்தேன். என் விரல் பட்ட இடமெல்லாம் சோறு நீலமாகியது. நீலம் என்றால் துணிக்குப் போடுகிற நீலம் இல்லை. பாம்பு தீண்டிச் செத்தவன் உதட்டு நீலம். நான் கத்தவில்லை. எனக்குக் கத்த வராது. அப்படியே உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் வந்து பார்த்தார். பயப்படாதே, அயோடின் கஞ்சியைக் கண்டால் அப்படித்தான், அது இருக்கிற இடத்தைக் கஞ்சி காட்டிக்கொடுத்துவிடும் என்றார். சோதனைக்குக் கஞ்சி காய்ச்ச அவரிடம் இருந்த மாவு பூசணம் பிடித்துப்போன பிறகு, என் வீட்டு வடிகஞ்சியைத்தான் சொம்பில் கொண்டுவரச் சொல்லி வடிகட்டிச் சோதனைக்குப் பயன்படுத்தினார். எங்கள் வீட்டு வடிகஞ்சி அந்த வேலை செய்தது என்று சொன்னால் இப்போது யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது மாமியார் எனக்குத் திருஷ்டி கழித்தாள். ஓரகத்தி என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாடி, உன் கைக்குள்ள எவன்டி குடி வந்துகீறான்?" என்றாள். அதற்கப்புறம் ஒரு மாதம், அவள் மகள் எனக்குக் கரண்டி கொண்டுவந்து வைப்பாள். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. பக்கத்துக் குப்பத்தில் ஒரு பையனைப் பேசி வைத்திருந்தார்கள். தட்டு மாற்றுவதுதான் பாக்கி.

இப்போது பிராதுக்கு வருகிறேன். எங்கள் குப்பத்திலிருந்து போன டின்களில் ஒன்று வெளுப்பாக இருந்தது. வாங்குகிற இடத்தில் கடலை எண்ணெய் கலந்திருக்கிறது என்று சந்தேகம் சொல்லி அனுப்பினார்கள். டின்னில் இருந்த அடையாளம் என் ஓரகத்தியுடையது. ஊர்ப் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் இல்லை என்றாள். ஈரல் கொழுத்திருந்தால் எண்ணெய் வெளுப்பாகத்தான் வரும் என்றாள். சார் சோதித்துச் சொல்லட்டும், கலப்படம் என்று வந்தால் அவள் அண்டாப் பக்கம் வரக் கூடாது, ஊர் அவர்களோடு பேசாது, கட்டுமரத்தில் அவள் புருஷனோடு யாரும் ஏறக் கூடாது என்று நைனா தீர்த்துச் சொன்னார். யாரும் என்றால் என் வீட்டுக்காரரும்தான்.

அடுத்த நாள் காலை, நைனாவும் இன்னும் இரண்டு பேரும் என் ஓரகத்தியும் ஒரே படகில் ஏரியைக் கடந்து வந்தார்கள். நான் முன்னாலேயே வந்திருந்தேன். சார் நைனாவை உட்காரவைத்து விளக்கினார். அதை நான் குடுவை துடைத்துக்கொண்டே கேட்டேன். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியைச் சொல்கிறேன்.

எண்ணெய்க்குள் நம் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்களாம். சில எண்ணெயில் எல்லோரும் ஒற்றைக் கையாகப் பிடித்திருப்பார்கள். சுறா எண்ணெய் மாதிரி எண்ணெயில் நிறைய பேர் பக்கத்து ஆளை இரண்டு கையாலும் பிடித்திருப்பார்கள். அயோடின் கிட்டே வந்தால், இரண்டு கையில் ஒரு கையை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்வார்கள். பிடித்ததை அப்புறம் விடவே மாட்டார்கள். எத்தனை கை பிடித்தது என்று அளந்துவிட்டால் அது சுறாவா கடலையா என்று தெரிந்துவிடும். கடலை எண்ணெய் கொஞ்சம்தான் பிடிக்கும், சுறா நிறையப் பிடிக்கும்.

"பிடிச்சதை எப்படி அளக்கிறது?" என்று நைனா கேட்டார்.

"பிடிச்சதை அளக்க முடியாது. மிச்சத்தைத்தான் அளக்கலாம்" என்றார் சார். அதற்குத்தான் வெறுங்குடுவை. அதில் எண்ணெய் இருக்காது. மற்றதெல்லாம் அதே அளவு, அதே மருந்து, அதே இருட்டு. உள்ளே கை நீட்ட யாருமில்லாததால் போட்ட அயோடின் முழுசாக அப்படியே இருக்கும். எண்ணெய்க் குடுவையில் மிச்சம் குறைவாக இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் எண்ணெய் பிடித்தது.

நைனா தலையாட்டினார். என் ஓரகத்தி வாசற்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அந்தக் குடுவைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு கேலியும் பேசவில்லை.

சார் மூன்று குடுவை எடுத்தார். இரண்டில் அவளுடைய எண்ணெயைத் தராசில் எடைபோட்டு ஊற்றினார். ரொம்பக் கொஞ்சம், ஒரு பட்டாணியளவு இருக்கலாம். மூன்றாவது வெறுங்குடுவை. மூன்றிலும் எண்ணெயைக் கரைக்கிற, தித்திப்பு வாசனை அடிக்கிற தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றினார். அப்போது வெளியே நைனாவோடு வந்தவர்களுக்குள் ஏதோ வாக்குவாதம். சார் அவர்களைச் சமாதானம் செய்யப் போனார். நைனாவும் எழுந்து போனார். அறையில் நானும் மூன்று குடுவைகளும் வாசற்படியில், வாக்குவாதத்தைப் பார்க்கத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு அவளும்.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். கட்டுமரம் தள்ளுகிறபோது வெறுங்குடம் எதிரே வரக் கூடாது. தண்ணீர் எடுக்கப் போகிறவள் எதிர்ப்பட்டுவிட்டால், குடத்தில் ஒரு கை மணலாவது ஏரித் தண்ணீராவது போட்டுக்கொள்வாள். கல்யாணப் பேச்சுக்குப் போனாலும், பஞ்சாயத்துக்குப் போனாலும் அப்படித்தான். வெறும் ஏனத்தின் வாய் ஒருத்தியைப் பார்த்துத் திறந்திருந்தால் அவள் காரியம் கெடும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. மூச்சு விடுகிற மாதிரிதான் அது எங்களுக்கு.

அந்த வெறுங்குடுவையின் வாய் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மற்ற நாளெல்லாம் அதை நான் பார்த்தவள்தான். ஆனால் மற்ற நாளெல்லாம் அது யாரோ ஊர் பேர் தெரியாதவர்களின் எண்ணெய். இன்றைக்கு அவள் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடிக் குச்சியை அவள் டின்னில் தொட்டு, அந்த வெறுங்குடுவைக்குள் ஒரு சொட்டு விட்டேன். ஒரே சொட்டு. அவளுடைய எண்ணெயே அவளுக்குத் துணை என்று நினைத்தேன். சொட்டு விழுந்தது, சுற்றியது, கரைந்தது. இருந்த இடம் தெரியவில்லை. குச்சியைத் துடைத்து வைத்துவிட்டேன்.

சார் வந்தார். மூன்றிலும் அந்தக் கருஞ்சிவப்பு மருந்தை அளந்து ஊற்றி மூடினார். நான்தான் தட்டில் வைத்து இருட்டறைக்கு எடுத்துப் போனேன். கதவைச் சாத்தினேன்.

அந்த ஒரு மணி நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உச்சி வெயில். நைனாவும் மற்றவர்களும் பூவரச மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஏரி அசையாமல் கிடந்தது. கல்லறைத் தோட்டத்துப் பெரிய கற்கள் வெயிலில் வெள்ளையாக இருந்தன. காற்றே இல்லை. என் ஓரகத்தி இருட்டறைக் கதவுக்குப் பக்கத்தில் வந்து என்னோடு தரையில் உட்கார்ந்தாள்.

உள்ளே டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். கண்ணாடி மூடி தூக்கி விழுகிற சத்தம். சூட்டில் ஆவி முட்டினால் அப்படிக் கேட்கும் என்று சார் முன்னாலேயே எனக்குச் சொல்லியிருந்தார். அதை நான் அவளுக்குச் சொல்லியிருக்கலாம்.

"உள்ள யாருடி கீறாங்க?" என்று கேட்டாள், மெதுவாக.

"யாருமில்லக்கா."

"யாருமில்லாதவங்க ஏன்டி மூடியத் தூக்கிப் பாக்கறாங்க?"

சத்தம் ஒரே குடுவையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது. எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் எது என்று நினைத்தேன் என்பது நினைவிருக்கிறது.

நேரம் ஆனதும் எடுத்து வந்தேன். முதலில் வெறுங்குடுவை. சார் வேறொரு உப்பும் தண்ணீரும் சேர்த்து, கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்க்குக் கீழே வைத்தார். குழாயில் ஹைப்போ என்கிற தண்ணீர். அது சொட்டுச் சொட்டாக விழுந்து அயோடினைத் தின்றுவிடும். எத்தனை அளவு ஹைப்போ செலவாகிறதோ அத்தனை அயோடின் உள்ளே இருந்தது என்று அர்த்தம். சார் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பழுப்பு மெல்ல வெளுத்து, வைக்கோல் நிறம் வந்தது. என்னைப் பார்த்தார். நான் வடிகஞ்சியை ஊற்றினேன். குடுவை முழுக்க கருநீலம்.

அதற்கப்புறம் வருவதை நான் எப்போதும் கண் கொட்டாமல் பார்ப்பேன். கருநீலம் அப்படியே இருக்கும், இருக்கும், இன்னும் ஒரு சொட்டு, இன்னும் ஒரு சொட்டு, அசையாது. பிறகு ஒரே ஒரு சொட்டில் எல்லாம் போய்விடும். கரையாது, மங்காது. ஓர் ஆள் அறையை விட்டு எழுந்து போன மாதிரி. குடுவையில் வெறும் வெள்ளைத் தண்ணீர் ஆடிக்கொண்டிருக்கும்.

சார் குழாயின் கோட்டைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. "நேத்து வெறுங்குடுவைக்கு இதைவிட அதிகமா போச்சே" என்றார். திரும்ப ஒரு தரம் பார்த்தார். மருந்து பழசாகி வீரியம் குறைந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதினார். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை.

எண்ணெய்க் குடுவைகள் இரண்டையும் பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலவே வந்தன. காகிதத்தில் கணக்குப் போட்டார். ரொம்ப நேரம் போட்டார். பிறகு வெளியே போய் நைனாவிடம், சுத்தமான சுறா எண்ணெய்க்கு வர வேண்டியது வரவில்லை, குறைகிறது, இரண்டு தடவையும் அதேதான் என்றார். அவருக்கு அதைச் சொல்லப் பிடிக்கவில்லை. கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்காமல்தான் சொன்னார்.

என் ஓரகத்தி எழுந்து நின்றாள். "அம்மன் கோயில்ல சூடம் ஏத்தி அணைக்கிறேன் நைனா. எம்மவ தலையில அடிச்சி சொல்றேன். ஒரு சொட்டு கலக்கல."

ஒரு சொட்டு என்றுதான் சொன்னாள். அந்த வார்த்தையை நான் அப்போது கேட்டும் கேட்காதவள் மாதிரி நின்றேன்.

"புட்டி ரெண்டு தபா சொல்லிட்ச்சி" என்றார் நைனா. "அதுக்கு மேல சூடம் இன்னாத்துக்கு?"

எங்கள் ஊரில் அதுவரை சூடத்துக்கு மேல் ஒன்று இருந்ததில்லை. திருட்டோ, எல்லைத் தகராறோ, சூடம் ஏற்றி அணைத்துவிட்டால் முடிந்தது. அவளுக்கு அது கிடைக்கவில்லை. அவள் யாரையும் திட்டவில்லை. உள்ளே வந்து, மேசை மேல் இருந்த குடுவைகளைப் பார்த்தாள். வெறுங்குடுவையில் நீலம் திரும்பி வந்திருந்தது. வெள்ளையாக வைத்துவிட்டுப் போன தண்ணீர், யாரும் தொடாமல், அடியிலிருந்து மறுபடி நீலமாகிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டால் அப்படி ஆகும், கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சார் சொல்லுவார். அவளுக்கு அது தெரியாது. "போனவன் திரும்பி வந்துட்டான் பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படகுக்கு நடந்தாள்.

ஒன்பது நாளோ பத்து நாளோ, ஊர் அவர்களை ஒதுக்கி வைத்தது. ஒரே முற்றம். அவள் அடுப்புக்கு நெருப்பு கேட்டு யார் வீட்டுக்கும் போகவில்லை. என் வீட்டுக்காரர் அண்ணனைத் தாண்டிப் போகும்போது மணலைப் பார்த்துக்கொண்டு போவார். கட்டுமரம் கரையில் காய்ந்தது. அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு நாள் குழம்பு ஒளித்துக் கொண்டுபோனேன், அவள் வாங்கவில்லை. ஆறாவது நாள், பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு கிழவி வந்து, ஜாதகம் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜாதகம் பார்க்கிற வழக்கமே எங்களுக்குள் கிடையாது.

அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, சார் என்னிடம் சாதாரணமாக ஒன்று சொன்னார். "வெறுங்குடுவையை மட்டும் ரெண்டு தரம் கழுவும்மா. அதுல ஒரு பொட்டு எண்ணெய் ஒட்டியிருந்தாலும் போச்சு. அது அயோடினைப் பிடிச்சு வச்சுக்கும், வித்தியாசம் குறைஞ்சு காட்டும். பழி மத்த எண்ணெய் மேல விழும்."

கையில் இருந்த குடுவையை நான் கீழே போடவில்லை. அதுதான் ஆச்சரியம். நன்றாகத் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டு, பின்பக்கம் போய் உட்கார்ந்தேன். யாருமில்லை என்று சார் சொன்ன குடுவையில், நான் ஆளை உட்கார வைத்திருக்கிறேன். அந்த ஆள் கையை நீட்டி அயோடினைப் பிடித்திருக்கிறான். அவளுக்குத் துணையாக விட்டது அவள் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் சொல்லவில்லை. காலையில் படகில் வரும்போது முழுதாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எலும்புக்கூடு வாசலைத் தாண்டும்போது முதல் பாதி மறந்துபோகும். சார் முன்னால் போய் நின்றால் மற்ற பாதியும் போய்விடும். அவர் என்னம்மா என்று கேட்பார். ஒன்றுமில்லை சார் என்பேன்.

மூன்றாம் நாள், அவர் வெளியே போயிருந்தபோது, அவர் அளவுகளைக் குறித்து வைக்கிற பலகையில் சாக்பீஸால் எழுதினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதிய முதல் வரி அதுதான். "வெறுங் குடுவயில் ஒரு சொட்டு என்னை நான் போட்டேன்." எண்ணெய் என்பதை என்னை என்று எழுதிவிட்டேன். என்னையே ஒரு சொட்டு அதில் போட்டதாக ஆகிவிட்டது. அழித்துத் திருத்துவதற்குள் செருப்புச் சத்தம் கேட்டது. நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன் என்று தெரியாது. குடுவை ஒன்றும் இல்லாத நேரம். ஆனாலும் அந்த ஊசி வாசனை. இருட்டில் என் கை எனக்குத் தெரியவில்லை. வெளியே சார் பலகை முன்னால் நிற்கிறார் என்று தெரிந்தது, நடக்கிற சத்தமே இல்லை. பிறகு சாமான்கள் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு கதவைத் தட்டி, குடுவைகளை வைக்க வேண்டும், வெளியே வா அம்மா என்றார். அதட்டவில்லை.

அந்த டின் எண்ணெய் இன்னும் இருந்தது. மூன்று குடுவை தயாராக இருந்தது. வெறுங்குடுவையை அவரே கழுவிக் காயவைத்திருந்தார். இரண்டு நாள் முன்னால் பட்டணத்திலிருந்து புது மருந்து வந்திருந்தது, அதைத்தான் ஊற்றினார். ஒரு மணி நேரம் இருட்டறையில் வைத்தோம். மூடிகள் அன்றைக்கும் டிக் டிக் என்றன. கஞ்சியை அன்றைக்கும் நான்தான் ஊற்றினேன்.

எண் சரியாக வந்தது. சுத்தமான சுறா எண்ணெய்.

சார் அன்றைக்கே படகேறி எங்கள் குப்பத்துக்கு வந்தார். நைனாவிடமும் எல்லோரிடமும், மருந்து பழசாகிவிட்டிருந்தது, பார்க்காமல் விட்டது தன் தப்பு என்றார். என் பெயரை எடுக்கவேயில்லை. நான் படகில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன், இறங்கவும் இல்லை. திரும்புகிறபோது, பலகையில் எழுதியது உண்மைதான் சார் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "மருந்தும் பழசுதான்மா. எது எவ்வளவுன்னு இனிமே பிரிச்சுச் சொல்ல முடியாது" என்றார். அவர் என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, நிஜமாகவே தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வருஷமே அவருக்கு மாற்றலாகிவிட்டது.

ஊர் அவர் சொன்னதை நம்பவில்லை. மருந்து எப்படிப் பழசாகும் என்று கேட்டார்கள். கடைசியில் அவர்களே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். கல்லறையிலிருந்து ஓர் ஒல்லாந்தன் எழுந்து வந்து, ஆளில்லாத குடுவை என்று அதில் உட்கார்ந்துகொண்டான், எண்ணெய்க்குச் சேர வேண்டியதைத் தின்றுவிட்டான். என் ஓரகத்தி சொன்ன மூடிச் சத்தமும், திரும்பி வந்த நீலமும் அதற்குச் சாட்சி. கொஞ்ச நாள் பெண்கள் அந்த எலும்புக்கூடு வாசலில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டுப் போனார்கள். நானும் வைத்தேன். வைக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்களே.

நைனா அவளை மறுபடி அண்டாவுக்குக் கூப்பிட்டார். அவள் வந்தாள், முன்பு போலவே வேலை செய்தாள், கேலியும் பேசினாள். ஆனால் போன சம்பந்தம் திரும்பி வரவில்லை. அந்தப் பையனுக்கு அதற்குள் வேறு பெண் பேசிவிட்டார்கள். ஒல்லாந்தன் கண் பட்ட வீடு என்று மற்றவர்களும் தயங்கினார்கள். மூன்று வருஷம் கழித்து அந்தப் பெண்ணை அனுப்பம்பட்டில் ரயில் பாதை வேலை பார்க்கிற ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தார்கள். கடல் கண்ணில் படாத ஊர். போகும்போது அவள் அழவில்லை. அவள் அம்மா படகு மறைகிறவரை நின்றாள்.

ஒரே ஒரு தரம் என் ஓரகத்தி கிடங்குக்கு என்னைப் பார்க்க வந்தாள். எது அந்தக் குடுவை என்று கேட்டாள். எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், வாயில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"இதுல யாருடி இருந்தது?"

நான் வாயைத் திறந்தேன். அவள் காத்திருந்தாள். ரொம்ப நேரம் காத்திருந்தாள் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்புறம் குடுவையை என் கையில் கொடுத்துவிட்டு, சோறு துன்னியா என்று கேட்டாள். துன்னேன்க்கா என்றேன். அவள் இறக்கிறவரை அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

மகள் இப்போதும் அனுப்பம்பட்டில் இருக்கிறாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். ஆனால் எதைச் சொல்வது என்று சரியாகத் தெரிந்து சொல்ல வேண்டும். அதனால் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். குடுவையில் இருந்த எண்ணெய் ஒரு பட்டாணியளவு, அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நான் விட்டது கண்ணாடிக் குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டு. மருந்து எத்தனை நாள் பழசு என்று எனக்குத் தெரியாது. சீசா பாதிக்கு மேல் காலியாக இருந்தது. இருட்டில் வைத்தது ஒரு மணி நேரம். சுறா எண்ணெயைக் கடலை எண்ணெய் கலந்தது மாதிரிக் காட்டுகிற அளவுக்கு அந்த ஒரு சொட்டு இழுக்குமா, அல்லது மருந்து பழசானாலே அப்படி ஆகுமா? நான் எழுதியதில் முறை எங்காவது தப்பாக இருந்தால் அதையும் திருத்திச் சொல்லுங்கள்.